எக்ஸாக்டா எட்டு கிராம்... சரி, அப்புறம்?

தி.நகர் உஸ்மான் ரோட்ல ஏதோ ஒரு நகைக்கடை. சேல்ஸ்மேன் தராசைக் காட்டுறாரு: 8.000. "பாருங்கம்மா, எக்ஸாக்டா ஒரு பவுன்!" நாமளும் திருப்தியா தலையாட்டுறோம்.

இந்த 'எக்ஸாக்ட்'ங்கிற வார்த்தையில ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஒண்ணு, எவ்வளவு நுணுக்கமா அளந்தாங்க. இன்னொண்ணு, நாம காசு கொடுக்கிற எல்லாத்தையும் அளந்தாங்களா.

பவுனையே எடுத்துக்கோங்க. பிரிட்டிஷ் சாவரின் காசோட எடை 7.988 கிராம். நம்ம ஊர்ல அது முழுசா 8 கிராம் ஆயிடுச்சு. 916ம் அப்படித்தான். 22-ஐ 24ஆல வகுத்தா 0.91666னு போய்க்கிட்டே இருக்கும். ஆயிரத்துக்கு 916 பங்குன்னு நிறுத்திக்கிட்டாங்க. ரெண்டும் ரவுண்ட் பண்ண நம்பர்தான், ஆனா எல்லாக் கடைக்கும் ஒரே விதி. சுத்தத்தைச் சரிபார்க்கவும் வழி இருக்கு. 2023 ஏப்ரல் 1லேர்ந்து ஹால்மார்க் நகையில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அதைப் போட்டுப் பார்த்துக்கலாம்.

சிக்கல் பில்லோட அடுத்த வரியிலதான்: சேதாரம்.

அஞ்சு பவுன் செயின், 40 கிராம். சேதாரம் 12 சதவீதம்னா 4.8 கிராம். 18 சதவீதம்னா 7.2 கிராம். கிட்டத்தட்ட ஒரு பவுனோட காசு, கழுத்துல ஏறாமலே போகுது! அந்தச் செயினைச் செய்யும்போது அவ்வளவு தங்கம் வீணாச்சுன்னு யாரும் தராசுல வச்சுக் காட்டலை. பேரம் பேசினா குறையுதே, அதுவே சாட்சி. நாளைக்கு அதே செயினை விற்கப் போனா, சேதாரத்துக்குக் கொடுத்த காசு திரும்ப வராது.

என் கருத்து இதுதான்: தராசுல மூணு டெசிமல் பார்த்து மயங்காதீங்க. "எக்ஸாக்டா எவ்வளவு வெயிட்?"னு மட்டும் கேட்டா, எக்ஸாக்டா இருக்கிற பகுதியைப் பத்தி மட்டும்தான் பதில் வரும். கேட்க வேண்டியது வேற:

கல் எடையைக் கழிச்சா நெட் வெயிட் எவ்வளவு?
சேதாரம் எத்தனை கிராம், ரூபாயில எவ்வளவு?
செய்கூலி தனியா உண்டா?

எல்லாத்தையும் எஸ்டிமேட்ல தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. அதே மாதிரி டிசைனுக்கு மயிலாப்பூர்ல ஒரு கடை, அடையாறுல ஒரு கடைன்னு ஏறி இறங்கி, சேதாரத்தைக் கிராம்ல ஒப்பிட்டுப் பாருங்க. கொஞ்சம் அலைச்சல்தான். ஆனா கல்யாண நகைன்னா, அந்த அலைச்சல் ஒரு பவுனையே மிச்சப்படுத்தலாம்.