ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

அண்மையில் நாகர்கோவிலில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், நாங்கள் பெரிதும் மதிக்கும் மூத்த பேச்சாளர் ஒருவர் நுகர்வுப் பண்பாட்டைச் சாடிக்கொண்டே வந்து இடையில் ஒரு வாக்கியத்தை உதிர்த்தார். நாற்பது வயதுக்கு மேல் விடியற்காலையில் ஓடுகிறவன் ஒன்று கடன்காரனுக்கு அஞ்சி ஓடுகிறான், இல்லையேல் அமெரிக்காக்காரன் செருப்பு விற்பதற்காக ஓடுகிறான். நம் மரபில் இப்படியோர் ஓட்டம் கிடையாது என்றார். அரங்கு சிரித்தது. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த நாங்கள் அறுவரும் சிரித்தோம். அன்று காலை வடசேரியிலிருந்து புத்தேரிக் குளக்கரை வரை ஓடித் திரும்பிய வலி அப்போதும் எங்கள் கெண்டைக்கால்களில் இருந்தது. வீடு திரும்பிய பின்னர்தான் அந்தச் சிரிப்பை எண்ணி வெட்கினோம். அவ்வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழில் ஓட்டம் என்பது பெருமைக்குரிய சொல்லன்று என்பதை ஒப்புக்கொண்டுவிடுவோம். ஓடுகாலி என்பது வசை. ஓடிப்போனவள் என்றால் ஊருக்கே புரியும். புறமுதுகிட்டு ஓடியவனுக்கு நடுகல் இல்லை. (ஓட்டாண்டியையும் இப்பட்டியலில் சேர்க்கும் மாணவர்கள் உண்டு, அது பிச்சையோட்டைக் குறிப்பது, காலை அன்று.) பெரிய மனிதர் என்பவர் நம் ஊர்களில் மெல்ல நடப்பவர். அவருக்காகப் பிறர் ஓடுவார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளில் கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாகக் களத்துக்கு விரைந்தவர்களும், மீன்கூடை சுமந்து கடற்கரையிலிருந்து உள்ளூர்ச் சந்தைக்கு விரைந்த பெண்களும் ஓடத்தான் செய்தார்கள். அவர்களை எவரும் மேனாட்டு மோகம் கொண்டவர்கள் என்று சொன்னதில்லை. ஆகவே ஓடுகிற நடுவயது மனிதனைக் கண்டால் நமக்கு வரும் சிரிப்புக்கு மரபைக் காக்கும் அக்கறை காரணமன்று. ஓடத் தேவையற்ற நிலையை அடைந்துவிட்டவன் மறுபடியும் ஓடுகிறானே என்ற திகைப்பே அங்கே சிரிப்பாக வெளிப்படுகிறது.

சரி, மரபுக்கே வருவோம். சிவராத்திரிக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை விடப்படும் ஊரில் நின்றுகொண்டு, நம் மரபில் ஓட்டம் இல்லை என்று ஒருவர் பேசுகிறார். நாமும் கைதட்டுகிறோம். சிவாலய ஓட்டம் எதற்கு நடக்கிறது? முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரு கோயில்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். காவி வேட்டியும் கையில் ஓலை விசிறியுமாக, குளத்திலும் ஆற்றிலும் முழுகி, ஈரத்துணியோடு, ஒரு பகலும் இரவுமாக ஓடுகிறார்கள். அதற்கு முன்னர் பல நாள் விரதம் உண்டு. நாஞ்சில் நாடு என்று கறாராகச் சொன்னால் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும்தான். இந்தப் பாதை முன்பு கல்குளம், விளவங்கோடு வட்டங்களாக இருந்த பகுதியில் செல்வது. வேண்டுமானால், நாஞ்சில் நாட்டார் ஓடியதில்லை, மேற்கே உள்ளவர்கள்தாம் ஓடினார்கள் என்று பேச்சாளர் வாதாடலாம். அதற்கு மேல் அவருக்கு இடமில்லை.

ஆனால் சிவாலய ஓட்டத்தைப் பழந்தமிழரின் மாரத்தான் என்று முழங்குவோரின் அணியிலும் நாங்கள் சேரவில்லை. வெறுங்காலில் ஓடினால் நரம்புகள் தூண்டப்பட்டு நோய் அகலும் என்கிறார்கள். சர்க்கரை முற்றிப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவனுக்கு வெறுங்கால் எவ்வளவு ஆபத்து என்பதை எந்த மருத்துவரிடமும் கேட்டறியலாம். கதையின்படி அங்கே முதலில் ஓடியவன் பீமன். புருஷாமிருகத்தின் பாலைக் கொண்டுவரப் போனவன், அது துரத்தத் துரத்த, கண்ணன் கொடுத்த உருத்திராக்கங்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டபடி உயிருக்கு அஞ்சி ஓடினான். அங்கே பந்தயமும் இல்லை, உடல்நலமும் இல்லை.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கதையில் பீமன் தனியாக ஓடுகிறான். பாதையிலோ மக்கள் கூட்டமாகத்தான் ஓடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிவராத்திரியின்போது, பொன்மனையிலிருந்து பன்னிப்பாகம் வரை ஒரு குழுவினரோடு நாங்களும் ஓடினோம். விரதமில்லாத, பாதியில் ஒட்டிக்கொண்ட எங்களை அவர்கள் விலக்கவில்லை. குழுவை நடத்திய பெரியவருக்கு அறுபதைக் கடந்திருக்கும். எல்லோரையும் முந்திக்கொண்டிருந்த இளைஞனை அழைத்து, "மக்களே, நீ பொறத்த வா. வாத்தியாருமாரு கூட வா" என்று எங்களுக்குப் பின்னால் நிறுத்தினார். ஒருவர் கோவிந்தா என்று கூவ, மற்றவர்கள் கோபாலா என்று மறுமொழி சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்குக் குரல் எழவில்லை. பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். வழியெங்கும் வீட்டு வாசல்களில் மோரும் சுக்குநீரும் வைத்துக்கொண்டு முன்பின் அறியாதவர்கள் நின்றார்கள்.

இன்று அப்பாதையில் பன்னிரு கோயில்களையும் மோட்டார் சைக்கிளில் சுற்றி வருவோரே பெருகியிருக்கிறார்கள். பக்தியை அளக்க நாங்கள் யார்? முதியவர்கள் வேனில் செல்லட்டும். இருபது வயதுக்காரர்கள் ஆரன் அலறத் தாங்கள் விரையும் சாலையின் ஓரத்திற்கு, ஓடுகிறவர்களைத் தள்ளிவிட்டு, அதையும் ஓட்டம் என்று அழைக்கும்போதுதான் மொழிமேல் பழகியவர்களுக்குச் சற்று வலிக்கிறது.

இனி, செருப்புக் குற்றச்சாட்டு. உடல்நலத்திற்காக மெல்ல ஓடும் இன்றைய பழக்கம் பரவியது அமெரிக்கச் செருப்புக் கடையிலிருந்து அன்று. 1962இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளரின் தூண்டுதலால் நடுவயதினரும் முதியவர்களும் கூடி ஓடும் மன்றம் ஒன்று தோன்றியது. இதயநோய் கண்டவர்களும் அதில் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், ஐம்பதைக் கடந்தவர், அவர்களோடு ஓடிப் பார்த்து மூச்சுத் திணறிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்த, மாரடைப்புகளிலிருந்து பிழைத்த ஒருவர்தான் தம் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக ஓடினாராம். ஊர் திரும்பிய பவர்மன், இதயநோய் மருத்துவர் ஒருவரோடு இணைந்து 1967இல் இப்பழக்கம் பற்றி நூல் வெளியிட்டார். அருகில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம் என்பது இம்முறையின் அடிப்படை. கோவிந்தா, கோபாலா நினைவுக்கு வருகிறதல்லவா? நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று இதைக்கொண்டு நிறுவிவிட வேண்டாம். சேர்ந்து ஓடுகிறவர்களுக்கு எங்கும் ஒரே தேவை எழுகிறது, அவ்வளவுதான். பவர்மன் பில் நைட்டுடன் சேர்ந்து 1964இல் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் நைக்கி ஆயிற்று. அதாவது மன்றம் முந்தியது, செருப்புக் கடை பிந்தியது. கடை பெருத்தபின் மன்றம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

இவ்வளவு வாதாடுவதற்கு எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நாங்கள் எழுவராக இருந்தோம். தேநீர்க் கடை பெஞ்சில் எழுவர், ஓட்டத்தில் அறுவர். ஏழாமவர் கணிதத்துறை நண்பர். நாற்பத்து மூன்று வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்ததும், எவரிடமும் சொல்லாமல் ஒரு பழைய கேன்வாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு காலையில் ஓடத் தொடங்கினார். நாங்கள் ரசவடையும் சாயாவுமாக அமர்ந்திருக்கும் கடையைத் தாண்டித்தான் அவர் ஓட வேண்டும். "சாரே, பஸ் போயாச்சு!" என்று எங்களில் ஒருவர் கூவினார். மறுநாளும் கூவினோம். சில நாட்களில் மாணவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். பதினோராம் நாள் அவர் வரவில்லை. கால் வலியோ என்று கேட்டோம். ஆமாம் என்றார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு பாதத்தில் ஏற்பட்ட ஒரு புண் வலிக்காமலேயே பெருகி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்துதான் சொன்னார், அன்று கால் வலிக்கவில்லை என்று.

அவருடைய நோய்க்கு நாங்களே காரணம் என்பது மிகை. சர்க்கரைக்குக் காரணங்கள் பல. ஆனால் அவர் கையிலிருந்த ஒரு மருந்தைச் சிரித்தே பிடுங்கினோம் என்பது மிகையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என மதிப்பிடுகிறது. வளர்ந்தவர்களில் 11.4 விழுக்காடு. நாம் 1956 வரை சேர்ந்திருந்த, இன்றும் உணவிலும் பழக்கத்திலும் பாதி ஒத்திருக்கும் கேரளத்தில் அது 25 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஒரு சாயாவும் ஒரு வம்பும் முடிகிற நேரம்தான்.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. உடம்பைப் பேணுவது அற்பம் என்றொரு பாவனை நம்மிடையே நெடுங்காலமாக உலவுகிறது. பாரதி 1921இல் முப்பத்தெட்டு வயதில் போனான். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் நாற்பத்திரண்டில் போனார். வறுமையில் நோயுற்று மாண்டவர்களை முன்னுதாரணமாக நிறுத்தி, மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உள்ள நாம் நம் தொந்தியை நியாயப்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஓடுவதைப் பற்றி நூலே எழுதிய முரகாமியைச் சிலர் மேற்கோள் காட்டுவதுண்டு. அவர் தனிமையை விரும்பி ஓடுகிறவர். அத்தகைய மனவுறுதி எங்களுக்கில்லை. எங்களில் எவரும் தனியாக ஒரு வாரம்கூட ஓடியிருக்கமாட்டோம். வாசலில் ஒருவர் வந்து நின்று, "வே, எந்திச்சாச்சா?" என்று கேட்பதால்தான் எழுந்திருக்கிறோம். அறுவர் ஓடினால் தேநீர்க் கடையிலிருந்து எவரும் கூவுவதில்லை என்பதையும் கண்டோம். சிரிப்பதற்கு ஒற்றை ஆள் வேண்டும்போலும்.

இப்படி வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் துறையின் உதவிப் பேராசிரியை ஒருவர் குறுக்கிட்டார். "நீங்க அஞ்சு மணி இருட்டுல ஓடுனா உடற்பயிற்சி. நான் ஓடுனா ஊருல அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கே சார், நீங்கதானே வகுப்புல சொன்னீங்க." ஓடுகாலி என்ற சொல்லைப் பொருள்மாற்றத்திற்கு எடுத்துக்காட்டாக நாங்கள் நடத்தியதைத்தான் அவர் சொன்னார். மூத்த பேச்சாளரின் நகைச்சுவை எங்களைக் குத்தியது. அவரையோ வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. இதற்கு எங்களிடம் இன்னும் விடையில்லை. சென்ற வாரம் முதல் அவரும் தோழியர் மூவரும் கல்லூரி மைதானத்தில் மாலையில் ஓடுகிறார்கள். மைதானத்தின் சாவியைக் காலையிலும் கேட்டிருக்கிறோம், நிர்வாகம் யோசிக்கிறது.

கணிதத்துறை நண்பர் இப்போது ஓடுவதில்லை. மருத்துவர் சொன்ன தனிச் செருப்பை அணிந்து ஸ்கூட்டரில் புத்தேரிக் குளக்கரைக்கு எங்களுக்கு முன்பே வந்துவிடுகிறார். பிளாஸ்கில் சர்க்கரையில்லாத சுக்குக் காப்பி இருக்கும். கடைசியாக வந்து சேருகிறவரைப் பார்த்து, "சாரே, பஸ் போயாச்சு" என்று அவர்தான் இப்போது சொல்கிறார். எங்களில் எவரும் அதற்குச் சிரித்ததில்லை. பேச்சாளர் ஐயா விரும்பினால் காலை ஐந்தேகாலுக்கு வடசேரிக்கு வரலாம். அவருடைய வேகத்திற்கே ஓடுவோம். வழியில் இந்த வாதத்தையும் தொடரலாம்.