டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடுதல் கவனம் தேவை!

திங்கட்கிழமை காய்ச்சல் ஆரம்பிக்கிறது. வியாழன் வரை 102, 103 டிகிரி. கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல அசதி. வெள்ளிக்கிழமை காலை தெர்மாமீட்டர் நார்மல் காட்டுகிறது. ‘அப்பாடா, விட்டுடுச்சு’ என்று பலர் உடனே லேப்டாப்பைத் திறந்து வேலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சாதாரண வைரல் காய்ச்சல் என்றால் பெரிய பிரச்னை இல்லை. டெங்குவாக இருந்தால், ஆபத்தான கட்டம் தொடங்குவதே அந்த வெள்ளிக்கிழமைதான்.

காய்ச்சல் விட்ட பிறகு ஏன் ஆபத்து?

டெங்குவில் காய்ச்சல் பொதுவாக 2 முதல் 7 நாள்கள் நீடிக்கும். அது இறங்கும் நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும். ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் விழும், உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாது. இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம். பெரும்பாலானோர் இதைச் சிக்கலின்றித் தாண்டிவிடுவார்கள். ஆனால் யாருக்குச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

* கடுமையான வயிற்று வலி
* நிற்காத வாந்தி
* ஈறு, மூக்கில் ரத்தம். கறுப்பாக மலம் போவது
* மூச்சு வாங்குவது
* கை, கால் சில்லிட்டுப் போவது
* அளவுக்கு மீறிய சோர்வு, மயக்கம் அல்லது நிலைகொள்ளாத பதற்றம்
* சிறுநீர் குறைவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108.

எந்த டெஸ்ட், எப்போது?

முதல் 5 நாள்களில் என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. டாக்டர் சொன்னால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

எல்லோரும் கேட்பது ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்றுதான். ஆனால் அந்த எண் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ரிப்போர்ட்டில் ஹெமடோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும். ரத்தம் கெட்டியாகிறதா என்பதை அதுதான் காட்டும். பிளேட்லெட் இறங்கும்போது ஹெமடோக்ரிட் ஏறினால் எச்சரிக்கை. பிளேட்லெட் குறைந்த எல்லோருக்கும் அதை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ரத்தக்கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

சிகிச்சை என்ன?

டெங்கு வைரஸை அழிக்கத் தனி மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம். மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்குவது அதனால்தான் ஆபத்து.

வாந்தி இல்லாதவர்கள் ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர் என்று அடிக்கடி குடிக்கலாம். குடிக்க முடியாதவர்களுக்கும் எச்சரிக்கை அறிகுறி உள்ளவர்களுக்கும் மருத்துவமனையில் அளவு பார்த்து டிரிப்ஸ் ஏற்றுவார்கள். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச்சாறோ குடிப்பவர்கள்கூட, அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தாமதப்படுத்தக் கூடாது.

இரண்டு நாள் கூடுதல் லீவு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அலுவலகங்களும் யோசிக்க வேண்டிய விஷயம். ‘காய்ச்சல்தான் விட்டுடுச்சே, லாக்-இன் பண்ணலாமே?’ என்று மேனேஜர் கேட்பது சகஜம். டெங்குவில் அந்தக் கேள்வி தவறான நாளில் கேட்கப்படுகிறது. காய்ச்சல் விட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் ஓய்வும் கண்காணிப்பும் சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருப்பவர்கள் அந்த இரண்டு நாளும் யாராவது ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. தலைசுற்றி விழுபவரால் தானே போன் செய்ய முடியாமல் போகலாம்.