விடி100 என்னும் பாதுகாப்பான பொய்

“இணைப்பு மெலிந்த இடத்துக்குப் போகிறாயா? டெர்ம் மாறியை விடி100 என்று வைத்துவிடு, சிக்கலே வராது.” ஆய்வு மாணவரிடையே கைமாறி வரும் இந்த அறிவுரையை நானும் நம்பினேன். மாதேஸ்வரன் மலையில் தங்கி, தமிழ் அடியார்களிடம் பதிவுசெய்த பாடல்களை, துறையின் வழங்கியில் எஸ்எஸ்ஹெச் வழியே திருத்தத் தொடங்கிய முதல் இரவிலேயே அந்த நம்பிக்கை போயிற்று. நானோ திருத்தியில் ஒரு வரியின் நடுவே விடுபட்ட சொல்லைச் சேர்த்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் வரியின் எஞ்சிய பகுதி முழுவதும் தவணை முறையில் மீண்டும் வந்து இறங்கியது.

முதலில் மலையைத்தான் குறை சொன்னேன். குற்றம் மலையினது அன்று. விடி100, டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட கருவி. வரியின் நடுவே எழுத்தைச் செருகும் கட்டளை அதற்குத் தெரியாது. அத்திறன் பின்வந்த விடி102க்கே வாய்த்தது. நம் மடிக்கணினியில் முனையமாக நடிக்கும் மென்பொருளோ அதை நன்கறியும். அறியாது என்று அதன் சார்பில் நாமே வழங்கியிடம் பொய் சொல்கிறோம். வழங்கியும் நம்பி, மீதி வரியைத் திரும்ப அனுப்புகிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘கொ’ இரண்டு குறியீடு, ஆக 6 பைட். எளிய முனையமானால் போக்குவரத்து குறையும் என்ற கணக்கு தலைகீழானது.

உண்மைப் பெயரைச் சொன்னால் ‘அறியாத முனைய வகை’ என்று வழங்கி மறுக்கிறதே என்பர். மறுக்கும்தான், அதன் டெர்மின்ஃபோ தொகுப்பில் அப்பெயர் இல்லாதபோது. இன்ஃபோசிஎம்பி தரும் விவரணையை அங்கே அனுப்பி, டிக் கட்டளையால் தொகுத்து, நம் சொந்தக் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ளலாம். நிர்வாகியின் தயவு வேண்டியதில்லை. அதற்கும் சோம்பலெனில், எக்ஸ்டெர்மை ஒத்த மென்பொருளுக்கு எக்ஸ்டெர்ம்-256கலர் என்றாவது சொல்லலாம்.

தமிழ் எழுத்து சிதைந்தாலும் இதே மருந்தைத்தான் நீட்டுகிறார்கள். (நம் எழுத்துகளைக் காட்டவென்றே சி-டாக் ஜிஸ்ட் முனையங்களைச் செய்தளித்த நாடு இது!) குறியாக்கத்தை முடிவுசெய்வது லொக்கேல். துணைக்காலுக்கு எத்தனை கட்டம் என்பதில் வழங்கியும் மடிக்கணினியும் முரண்பட்டால் சுட்டி தடுமாறும். இவ்விரண்டில் எதையும் விடி100 தீர்க்காது.

என் பேஷ் அமைப்புக் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன். பயிலரங்கக் கையேட்டில் அது இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டு களத்துக்குப் போகும் மாணவரும் அதைத்தான் எடுத்துச் செல்வர்.