இரண்டரை விநாடி யாருடைய பொறுப்பு?



நம் சுவர் இதழில் கிரிக்கெட், கபடி, சதுரங்கம் எல்லாம் எழுதியாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி அமெரிக்கா வரை போய் வருவோம். அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம். நம் வகுப்பிலேயே அதைப் பார்க்கிறவர்கள் மூணு நாலு பேர் இருக்கோம். எங்களுக்குள் எப்பவும் ஒரே சண்டைதான்: குவார்ட்டர்பேக் அடிபட்டுக் கீழே விழுந்தால் தப்பு யாருடையது?

ஒரு கட்சி, "முன்னால் நிற்கிற ஐந்து பேர் ஒழுங்காகத் தடுக்கலை" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "பந்தைக் கையில் வச்சுக்கிட்டு அவர் எதுக்கு அவ்வளவு நேரம் நிற்கணும்?" என்று கேட்கும். என் கருத்து: இரண்டுமே பாதி உண்மை. பாதுகாப்பு என்பது ஆறு பேர் சேர்ந்து செய்கிற ஒரே வேலை. அதைப் பிரித்து ஒருவர் தலையில் கட்டினால் நிஜமாகவே ஒரு மனிதர் கெட்டுப் போகிறார். எப்படி என்று சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

பெயரில்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேற ஒரு வழி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இன்னொரு வழி, தூரத்தில் ஓடுகிற கூட்டாளிக்கு வீசுவது. வீசுகிறவர்தான் குவார்ட்டர்பேக். வீசுவதற்கு முன்பே அவரைச் சாய்த்துவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். அந்த வாய்ப்பும் போச்சு, இருந்த இடத்திலிருந்து சில கெஜமும் போச்சு.

அவருக்கு முன்னால் நிற்கிற ஐந்து பேரை 'ஆஃபென்சிவ் லைன்' என்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ இருப்பார்கள். இவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம் (சென்டர் மட்டும் ஆரம்பத்தில் கால் நடுவே பின்னால் கொடுப்பார்). டிவியில் கேமரா பந்து பின்னாலேயே போய்விடும். இவர்களை யாரும் பார்ப்பதில்லை.

ஐந்து பேரின் வேலை

பார்த்தால் சும்மா தள்ளுமுள்ளு மாதிரி இருக்கும். ஆனால் எதிரி முன்னால் பார்த்து ஓடி வருகிறான். இவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே அவனைத் தடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் 10 கெஜம் தண்டனை. 1978-இல் விதியை மாற்றி, கையை நீட்டி உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று அனுமதித்த பிறகுதான் இவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வலது கையால் வீசுகிறவருக்கு இடது பக்கம் முதுகு திரும்பியிருக்கும். அங்கிருந்து வருகிறவன் கண்ணுக்கே தெரியமாட்டான். 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் சாய்த்தபோது தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அன்று வாஷிங்டனின் வழக்கமான இடது டேக்கிள் ஜோ ஜேக்கபி களத்தில் இல்லை. பந்தைத் தொடாத ஒரு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இன்றும் இதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள்.

இப்போது வீரர்களின் தோள் கவசத்துக்குள் சின்னச் சில்லு வைத்து, யார் எங்கே நின்றார் என்று கணக்கெடுக்கிறார்கள். அதை வைத்து ஈஎஸ்பிஎன் ஒரு அளவு வைத்திருக்கிறது. தடுப்பவர் 2.5 விநாடி தன் ஆளை நிறுத்திவிட்டால் அவர் ஜெயித்ததாகக் கணக்கு. நன்றாகக் கவனியுங்கள், இரண்டரை விநாடிதான்! அதற்கு மேல் நிறுத்தினால் அது போனஸ்.

சரி, அந்த இரண்டரை விநாடி முடிந்த பிறகும் பந்து கையிலேயே இருந்தால் யார் பொறுப்பு?

குவார்ட்டர்பேக்கின் பாதி

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று பழமொழி உண்டு. சில குவார்ட்டர்பேக்குகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

முதலில், நிற்கிற இடம். ஓரத்து டேக்கிள் தன்மேல் பாய்கிறவனை எப்போதும் முகத்துக்கு நேராக நிறுத்துவதில்லை. வளைந்து வருகிறவனை அப்படியே தள்ளிக்கொண்டு போய், குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் அனுப்பிவிடுவார். அந்த நேரம் குவார்ட்டர்பேக் ஓர் அடி முன்னால் வந்தால் எதிரி வெறுங்காற்றைப் பிடிப்பான். பயந்து பின்னால் போனால், டேக்கிள் சரியாகத் தள்ளிவிட்ட ஆள் நேராக இவர் மேலேயே வந்து விழுவான். பார்க்கிறவர்கள் டேக்கிளைத் திட்டுவார்கள்.

இரண்டாவது, கணக்கு. தடுக்க ஆறு பேர் இருக்கும்போது எதிரணி ஏழு பேரை அனுப்பினால், அந்த ஏழாவது ஆளை யாராலும் தடுக்க முடியாது. அவன் குவார்ட்டர்பேக்கின் கணக்கு. அவன் வந்து சேர்வதற்குள் பந்தை வீசிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே யார் யார் பாய்வார்கள் என்று ஊகித்து, கத்தி, கையைக் காட்டி, தடுப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மாற்றுவதும் பெரும்பாலும் அவரும் சென்டரும்தான். பெய்ட்டன் மேனிங் இதில் கெட்டிக்காரர். கோட்டுக்குப் பின்னால் நின்று அவர் போடுகிற சத்தம் பிரசித்தம்.

மூன்றாவது, கை வேகம். மயாமி அணியின் டான் மரீனோவுக்கு ஓடவே வராது. ஆனால் 1988 பருவம் முழுக்க 606 முறை வீசியவரை எதிரிகள் சாய்த்தது வெறும் 6 முறை. பந்து கையில் இருந்தால்தானே சாய்க்க!

என் வாதத்துக்குப் பெரிய சாட்சி நியூ இங்கிலாந்து அணி. 2007-இல் டாம் பிரேடி 578 முறை வீசினார், 21 முறை சாய்க்கப்பட்டார். 2008-இன் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போய்விட்டது. மாற்று ஆட்டக்காரர் மேட் கேசல் வந்தார். கல்லூரியில்கூட குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் தொடங்காதவர். 516 முறை வீசினார், 47 முறை சாய்ந்தார். அதே பயிற்சியாளர். லைனிலும் பெரும்பாலோர் அதே ஆட்கள். வீசியது குறைவு, விழுந்தது இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே வருஷத்தில் அந்த ஐந்து பேரும் ஆட மறந்துவிட்டார்களா என்ன?

கேசலை நான் குறை சொல்லவில்லை. அணி அந்த வருஷம் 11 ஆட்டம் ஜெயித்தது. சாக் எண்ணிக்கையை லைன் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு என்கிறேன், அவ்வளவுதான்.

லைனின் பாதி

"அப்போ எல்லாம் குவார்ட்டர்பேக் கையில்தானா?" என்று கேட்கலாம். அதுவும் இல்லை. இதற்குச் சாட்சி பாட்ரிக் மகோம்ஸ். இந்தக் காலத்தின் மிகச் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர். கான்சஸ் சிட்டி அணி.

2021 பிப்ரவரி சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில், காயத்தால் அவர் அணியின் வழக்கமான டேக்கிள் இரண்டு பேருமே இல்லை. 29 முறை நெருக்கடி. ஆள் மைதானம் முழுக்க ஓடினார், விழுந்துகொண்டே வீசினார். ஒரு டச்டவுன்கூட வரவில்லை. 31-9 என்று தோல்வி.

அந்த அணி புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. மகோம்ஸை யாரும் திட்டவில்லை. லைனை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். கார்ட் ஜோ தூனியை வேறு அணியிலிருந்து கொண்டுவந்தார்கள். சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி, கார்ட் ட்ரே ஸ்மித் இருவரையும் கல்லூரியிலிருந்து எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் மறுபடி இறுதி ஆட்டம். எதிரே ஃபிலடெல்ஃபியா, அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்த பயங்கரமான அணி. மகோம்ஸுக்கோ கணுக்காலில் காயம், சரியாக ஓட முடியாது. அன்று ஃபிலடெல்ஃபியா எடுத்த சாக் எத்தனை தெரியுமா? பூஜ்யம்! கான்சஸ் சிட்டி 38-35 என்று ஜெயித்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அதே இரண்டு அணிகள். இடது டேக்கிள் இடத்துக்குச் சரியான ஆள் அமையாமல், கார்டாக ஆட வேண்டிய தூனியை அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஃபிலடெல்ஃபியா கூடுதல் ஆள் அனுப்பாமல், வழக்கமான நாலு பேரை வைத்தே மகோம்ஸை 6 முறை சாய்த்தது. 40-22. அதே மனிதர், அதே திறமை. முன்னால் இருந்த சுவர்தான் மாறியது.

அடி யாருக்கு?

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தப்பாகக் கணக்குப் போட்டால் கெட்டுப் போவது யார்?

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2002-இல் புதிதாகக் களம் இறங்கிய அணி. அந்த ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக டேவிட் கார் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவரைக் காக்க டோனி போசெல்லி என்ற பெரிய டேக்கிளையும் எடுத்திருந்தார்கள். ஆனால் தோள் காயத்தால் போசெல்லி அந்த அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பையனை மட்டும் களத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் பருவத்தில் 76 சாக்! ஒரே பருவத்தில் ஒருவர் இத்தனை முறை சாய்ந்தது இன்றும் என்எஃப்எல் சாதனை. 2005-இல் மறுபடி 68. 2007-இல் அணி அவரை விடுவித்தது. பிறகு பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காலம் போனது.

பந்தை அதிக நேரம் வைத்திருந்தார் என்று அவர்மேல் புகார் உண்டு. இருக்கலாம். ஆனால் 76 முறை அடி வாங்கிய ஒருவருக்கு நிதானமாக முன்னால் பார்க்கவும், ஓர் அடி முன்னால் எடுத்து வைக்கவும் யார் கற்றுக்கொடுப்பது? தினமும் அடி விழுந்தால் கண் தன்னால் எதிரியைத்தான் தேடும், கூட்டாளியைத் தேடாது. லைனின் பாதி சரியாக இருந்தால்தான் குவார்ட்டர்பேக் தன் பாதியைக் கற்றுக்கொள்ளவே முடியும். இதுதான் என் கருத்தின் மையம்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சின்சினாட்டி அணியின் ஜோ பரோ, 2020-இல் முதல் ஆண்டிலேயே முழங்கால் காயம் பட்டவர். 2021 தேர்வில் ஐந்தாவது இடத்தில் அணிக்கு முன்னால் இரண்டு பேர்: டேக்கிள் பெனெய் சூவெல், அல்லது பந்து பிடிக்கிற ஜமார் சேஸ். அணி சேஸை எடுத்தது. சேஸ் அசத்தினார், அணி இறுதி ஆட்டத்துக்கே போனது. வழியில் டென்னசி அணி பரோவை 9 முறை சாய்த்தும் சின்சினாட்டி 19-16 என்று ஜெயித்தது. "பார்த்தியா, லைன் இல்லாமலே ஜெயிக்கலாம்" என்பார்கள்.

ஆனால் அந்தப் பருவத்தில் பரோ 51 முறை சாய்ந்திருந்தார். இறுதி ஆட்டத்தில் இன்னும் 7. கடைசி வாய்ப்பில் ஆரன் டொனால்ட் வந்து பிடிக்க, பந்து எங்கோ போய் விழுந்தது. 23-20 என்று தோல்வி. அடுத்த பருவத்துக்கு அதே அணி லைனுக்கு மூன்று பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தது. அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதானே! அடி வாங்கியும் எழுந்து நின்றவரின் தைரியத்தை நான் மனசாரப் பாராட்டுகிறேன். அந்தப் பாராட்டை வைத்து, அடி விழுந்த காரணத்தை மூடிவிடக் கூடாது.

என் யோசனை

இனிமேல் ஒரு சாக் பார்த்தால் உடனே திட்டாமல் மூன்று கேள்வி கேட்போம்.

1. பாய்ந்தவர்கள் எத்தனை, தடுத்தவர்கள் எத்தனை? பாய்ந்தவர் அதிகம் என்றால் அது திட்டத்தின் அல்லது குவார்ட்டர்பேக்கின் கணக்கு.

2. மனசுக்குள் எண்ணும்போது இரண்டரை விநாடிக்கு முன்பே விழுந்தாரா, பிறகு விழுந்தாரா? முன்பே என்றால் பெரும்பாலும் லைன்.

3. விழுந்தபோது எங்கே நின்றார்? ரொம்பப் பின்னால் என்றால் டேக்கிளைத் திட்டாதீர்கள்.

கடைசியாக ஒருவரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கிளீவ்லேண்ட் அணியின் இடது டேக்கிள் ஜோ தாமஸ். 2007 முதல் 2017 வரை ஒரு வாய்ப்பைக்கூட விடாமல் தொடர்ந்து 10,363 முறை களத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2016-இல் அணி ஜெயித்தது ஒரே ஆட்டம். 2017-இல் அதுவும் இல்லை. எவ்வளவு நல்ல தடுப்பாளராக இருந்தாலும் பின்னால் நிற்கிறவர் சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது என்பதற்கு அவரே சாட்சி. 2023-இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பந்தைத் தொடாமலே ஒருவர் அங்கே போனார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

ஒரு கை தட்டினால் ஓசை வராது நண்பர்களே. ஐந்து பேர் நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள், ஆறாவது ஆள் அதைச் செலவு செய்கிறார். சம்பாத்தியமே இல்லாவிட்டாலும் கஷ்டம், செலவாளியாக இருந்தாலும் கஷ்டம். பழி சொல்லும் முன் இரண்டையும் பார்ப்போம்.

மாற்றுக் கருத்து இருந்தால் ஒரு தாளில் எழுதி, பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்க. அடுத்த இதழில் மோதுவோம்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்