நேர் எதிரே நின்று

1858ஆம் ஆண்டில் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை ராஜதானி அரசாங்கத்தின் புகைப்படக்காரர் என்ற பதவியோடு, தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தம் காமிராவைக் கொண்டுவந்தார். விமானத்தின் கம்பீரத்தைக் காட்டும் அவருடைய படங்கள் பிரசித்தமானவை. ஆனால், அவர் அங்கே செய்த வேறொரு காரியமே என் மனத்தில் உயர்ந்த ஸ்தானம் பெற்றிருக்கிறது. கோயிலின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளுக்கு நேர் எதிரே காமிராவை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். சற்று நகர்ந்து, மறுபடியும் நேர் எதிரே நிறுத்தி மற்றொரு படம் எடுத்தார். இவ்வாறு பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அந்த எழுத்துக்களை ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் முறையாகப் படித்துப் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது, அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான். என்ன சொல்கின்றன என்பது உலகத்துக்கு விளங்குவதற்கு முன்பே அந்தக் கற்கள், ஒரு மனிதர் பொறுமையாக அவற்றின் எதிரே நின்ற காரணத்தால், காகிதத்தில் ஏறிவிட்டன.

எதிரே நின்று எடுக்கும் இந்தச் சாதாரணமான முறைக்கு இன்று மதிப்புக் குறைந்துவிட்டது. படம் எடுக்கும் கலையைக் கற்பிப்பவர்கள், பக்கத்திலிருந்து எடு, கீழே படுத்து எடு, மேலே ஏறி எடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கைப்பேசி வந்த பின்னர், கோபுரமும் அருவியும் கடற்கரையும் நம் முகத்துக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலைகளாகிவிட்டன. மனிதர்கள் தங்கள் மகிழ்ச்சியைப் பதிவு செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆயினும், நாள்தோறும் கோடிக்கணக்கான படங்கள் எடுக்கப்படும் இந்த நாட்டில், நாம் பிறந்து வளர்ந்த தெருவின் வீடுகளை வரிசையாக, முழுமையாக, நேராகக் காட்டும் படம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

பாரிஸ் நகரத்தில் யூஜேன் அட்ஜே என்று ஒருவர் இருந்தார். 1857இல் பிறந்தவர், நாடகக் கம்பெனிகளில் சிறு வேஷங்கள் போட்டு, அதில் நிலைபெறாமல், பின்னர் புகைப்படத் தொழிலுக்கு வந்தவர். மரத்தால் ஆன கனத்த காமிராவையும், 18க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு, பழைய பாரிஸின் கடை வாசல்களையும், கதவுகளையும், மாடிப்படிகளையும், தள்ளுவண்டிகளையும், தோட்டத்து மரங்களையும், முப்பது ஆண்டுகளுக்கு அருகில் படம் எடுத்தார். ஓவியர்களுக்கு உதவும் ஆவணங்கள் என்பதே அவர் தம் படங்களுக்குக் கொடுத்த பெயர்; அதற்கு மேல் பெருமை எதையும் அவர் கோரவில்லை. அவருடைய படங்கள் பலவற்றில் மேல் மூலைகள் இரண்டும் வளைந்து கறுத்திருப்பதைக் காணலாம். உயரமான கட்டடத்தைப் படத்துக்குள் அடக்கக் காமிராவை அண்ணாந்து பார்க்கச் செய்தால், சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். ஆகவே அவர் காமிராவைச் சாய்க்காமல், கண்ணாடிவில்லையை மட்டும் அதன் பலகையில் மேலே நகர்த்தினார். அப்படி நகர்த்தும்போது வில்லையின் ஒளிவட்டம் படத்தின் மேல் மூலைகளுக்கு எட்டாமல் போய்விடும். மூலை கறுத்தாலும் கறுக்கட்டும், வீடு நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று கருதிய அந்த மனிதரின் சிரத்தையை நான் வணங்குகிறேன். 1920இல் அவர் தம்மிடமிருந்த இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு விற்றார். 1927இல் அவர் காலமான பிறகு, எஞ்சியவற்றை பெரெனீஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண்மணி வாங்கிக் காப்பாற்றினார். பாரிஸின் பல தெருக்கள் எப்படி இருந்தன என்பதற்கு இன்று அவையே பிரத்தியட்ச சாட்சி.

நேர்முகப் படத்துக்கு வேறொரு குணமும் உண்டு. அதை வைத்து அளக்கலாம். டிரைப் தஞ்சையில் உழைத்த அதே 1858ஆம் ஆண்டில், ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத்துத் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பௌவர் என்ற இளைஞர், உயரத்திலிருந்து விழுந்து உயிரிழக்கத் தெரிந்து, மயிரிழையில் தப்பினார். சுவரில் தொங்கி அளப்பதைக் காட்டிலும் சுவரின் படத்தை அளந்தால் போதாதா என்ற யோசனை அவருக்கு உதித்தது அப்போதுதான். 1885இல் அந்த நோக்கத்துக்காகவே பெர்லினில் ஓர் அரசாங்க ஸ்தாபனம் அவர் தலைமையில் ஏற்பட்டது. காமிராவின் தகடும் கட்டடத்தின் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், அந்தச் சுவரின் விகிதங்கள் படத்திலும் பிசகாமல் அமைகின்றன; நிலைவாசலின் அகலம் ஒன்று தெரிந்தால், அதே சுவரில் உள்ள ஜன்னலின் உயரத்தையும் கணக்கிட்டுவிடலாம். சாய்வாக எடுத்த அழகிய படத்திலிருந்து இவ்வளவு எளிதாக அளவெடுக்க இயலாது. இரண்டாம் உலக யுத்தத்தில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட வார்சா நகரத்தின் பழைய பகுதியைப் போலந்து மக்கள் மீண்டும் கட்டி எழுப்பியபோது, பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்பவர் தீட்டிய நகரக்காட்சி ஓவியங்களும், யுத்தத்துக்கு முன்னர் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்களும் அவர்களுக்குத் துணைநின்றன. முகப்பைப் பதிவு செய்து வைத்தவர்கள் எந்தக் காலத்திலும் வீண்வேலை செய்தவர்கள் ஆகமாட்டார்கள்.

நேராக எடுத்த படம் உயிரற்றது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விடையாக பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற ஜெர்மானியத் தம்பதியைக் காட்டுவேன். 1959 முதல் அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்தவை என்ன? தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், இரும்பு உலைகள், மரச்சட்டம் தெரியும் தொழிலாளர் வீடுகள். நிழல் விழாத மேகமூட்டமான வேளையில், பொருளின் உயரத்துக்குத் தக்கபடி ஏணியிலோ மேட்டிலோ ஏறி நின்று, ஒரே முறையில் எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த படங்களை ஒன்பதாகவும் பன்னிரண்டாகவும் அடுக்கிக் காட்டினார்கள். முறை ஒன்றாக இருப்பதனாலேயே பொருள்களின் வேற்றுமை கண்ணில் தைக்கிறது. ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் அடுத்த தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே இத்தனை கற்பனை ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பவர் வியக்கிறார். அவர்கள் எடுத்தவற்றில் பல இடிக்கப்பட்டுவிட்டன. 1990இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த தங்கச் சிங்க விருது, சிற்பத்துக்காக அளிக்கப்பட்டது என்பது ஆழ்ந்து யோசிக்கத்தக்க விஷயம்.

இதை நம் ஊர்த் தெருவுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டும். கும்பகோணத்திலோ, காரைக்குடியிலோ, புதுச்சேரியின் தமிழர் பகுதியிலோ, மயிலாப்பூரில் மிஞ்சியிருக்கும் சில வீதிகளிலோ ஒரு பழைய வீட்டுக்கு எதிரே ஐந்து நிமிஷம் நின்றால் போதும். தெருவை ஒட்டித் தாழ்வாரம். அதன்மேல் இறங்கும் ஓட்டுச் சாய்ப்பு. அதைத் தாங்கும் மரத்தூண்கள். வழிப்போக்கனுக்கென்று ஒரு திண்ணையும், வீட்டுக்காரர் சாய்ந்து படுப்பதற்குச் சுவரோடு கட்டிய சாய்மானத்தோடு மற்றொரு திண்ணையும். விளக்கு வைக்க இரு புறமும் மாடக்குழிகள். நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கிய கஜலக்ஷ்மி. சற்றுப் பிற்காலத்து வீடாக இருந்தால், மாடியின் கைப்பிடிச் சுவரில் சுதையால் ஆன சிங்கங்களும், கட்டிய ஆண்டும், கட்டியவர் பெயரும். அடுத்த வீட்டிலும் இவையே. ஆனால் தூணின் போதிகை வேறு, திண்ணையின் உயரம் வேறு, செல்வத்தின் அளவு வேறு, ரசனை வேறு. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒருங்கே காட்டும் வல்லமை, வரிசையாக நேர்நின்று எடுத்த படங்களுக்கே இருக்கிறது.

கடைகளின் முகப்பும் அப்படியே. எண் எழுதிய பலகைகளைக் காடியில் ஒவ்வொன்றாகச் செருகி மூடும் கடைகள் அநேகமாக மறைந்து, இரும்புச் சுருள்கதவுகள் வந்துவிட்டன. கையால் எழுதிய பெயர்ப்பலகைகளை ஃப்ளெக்ஸ் துணி விழுங்கிவிட்டது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதப்பட்ட பலகைகளில், துதிக்கை தூக்கிய பழைய ‘லை’யும் ‘னை’யும், வளைந்த பழைய ‘றா’வும் இன்னும் சில ஊர்களில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் பெயிண்டர் எந்தச் சுழிப்பில் தம் கைத்திறனைக் காட்டினார் என்பதை நேரான படம் ஒன்று சொல்லும். வண்டியில் பொருத்திய காமிராக்கள் எல்லாத் தெருக்களையும் எடுத்துவிட்டனவே, கூகுளில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லலாம். ஓடும் வண்டி வழியில் இருப்பதையெல்லாம் எடுக்கிறது. நின்ற லாரிக்குப் பின்னால் உள்ள திண்ணைக்காக அது காத்திருப்பதில்லை. வண்டி நுழையாத சந்துக்குள் அது வருவதுமில்லை.

இயற்கைப் பொருள்களின் விஷயம் சற்றுச் சிக்கலானது. வீட்டுக்கு முகப்பை வைத்தவன் கொத்தன். மரத்துக்கு முகப்பு எது? கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற பெர்லின் ஆசிரியர், மொட்டையும் சுருள்கொடியையும் விதைக்கூட்டையும் வெறும் பின்னணியில் நிறுத்திப் பலமடங்கு பெரிதாக்கி எடுத்த படங்கள் 1928இல் நூலாக வெளிவந்தபோது, இரும்புக் கிராதியும் கோயில் தூணும் செடிக்குள் முன்பே இருந்தனவோ என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். அவர் செடிக்கு ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். மலைக்கோ முகங்கள் பல. திருவண்ணாமலையைக் கிழக்கே கோயில் பக்கத்திலிருந்து பார்ப்பவர் காணும் மலை வேறு. கிரிவலப் பாதையில் மேற்கே போய்ப் பார்ப்பவர் காணும் மலை வேறு. சுற்றியுள்ள ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் மலை உண்டு. அந்தந்த ஊரார் தங்கள் வாசலிலிருந்து தெரியும் முகத்தை எடுத்து வைப்பதே நியாயம். சாலையை அகலப்படுத்துவதற்காக விழப்போகும் புளியமரத்துக்கு, நிழலுக்கு ஒதுங்குபவன் வரும் திசையே முகப்பு என்று நான் கொள்வேன்.

மனிதர்களை நேர்நிறுத்தி எடுப்பதில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசாங்கம் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்ற நூலில், உயிருள்ள மனிதர்கள் ஜாதிக்கும் குலத்துக்கும் மாதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள். அந்தப் படங்களின் எதிரே என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை. இதற்கு நேர்மாறாக, நம் ஊர் ஸ்டூடியோக்களில் வரைந்த திரைக்கு முன்னால், முழங்கால்களில் கைகளை ஊன்றி, காமிராவை நேரே நோக்கி உட்கார்ந்திருக்கும் தாத்தாவையும் பாட்டியையும் பாருங்கள். அவர்கள் தாமாக வந்து, தாம் விரும்பிய உடையில், பிற்காலத்தார் தம்மை எப்படிக் காணவேண்டும் என்று தீர்மானித்து அமர்ந்தவர்கள். முறை ஒன்றேயாயினும், சம்மதம் இருக்கும் இடத்தில் அது கௌரவமாகவும், இல்லாத இடத்தில் அவமானமாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே வீட்டைப் படம் எடுப்பவரும் திண்ணையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எடுக்கவேண்டும். அவர் வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும்.

இதற்குப் பெரிய சாதனம் எதுவும் தேவையில்லை. கைப்பேசி போதும். வீட்டுக்கு அருகில் நின்று அகலக்கோண வில்லையால் முழு வீட்டையும் அடக்க முயலாமல், எதிர்ச்சாரிக்குப் போய், இயலுமானால் எதிர்வீட்டு மாடியில் நின்று, கைப்பேசியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து எடுக்கவேண்டும். கிழக்குப் பார்த்த வீடுகளைக் காலையிலும் மேற்குப் பார்த்தவற்றை மாலையிலும் எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மந்தாரமான பகலாக இருந்தால் இருசாரியையும் ஒரே வேளையில் முடித்துவிடலாம். தெருவின் பெயர், கதவிலக்கம், தேதி ஆகியவற்றைக் கட்டாயம் குறித்து வைக்கவேண்டும். குறிப்பில்லாத படம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யாருக்கும் வழிகாட்டாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் தெருவை இப்படி எடுத்துவரச் சொல்வதைக் காட்டிலும் நல்ல சரித்திரப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

தனிமனிதர்களின் ஆர்வத்துக்கு மட்டும் இதை விட்டுவிடுவதும் சரியல்ல. பழைய கட்டடம் ஒன்றை இடிக்க அநுமதி கேட்டு நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ மனுக் கொடுப்பவர், அதன் முகப்பை நேர் எதிரே நின்று எடுத்த படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் ஒரு விதி செய்யலாம். இடிக்காதே என்று அந்த விதி யாரையும் தடுக்காது. உரிமையாளருக்குச் செலவும் கிடையாது. அவ்வாறு வரும் படங்களின் ஒரு பிரதியை அந்தந்த ஊர்க் கிளை நூலகத்தில், தெரு வாரியாக அடுக்கி, கேட்பவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம். மாவட்டத் தலைநகரில் ஏதாவது ஓர் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைப்பதானால், அதில் எவருக்கும் பயன் இல்லை.