கேழ்வரகு அடையும் ஒரு தேக்கரண்டியும்

சென்ற மாதம் என் வகுப்பு மாணவர் ஒருவர் மதிய இடைவேளையில் தம் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு கேழ்வரகு அடைகள். "முழுதானியம் சார்! எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்றார். இயற்பியல் ஆசிரியனுக்கு 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்னும் பேச்சு காதில் விழுந்தால், கை தானாகப் பென்சிலைத் தேடும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 கிராம் கேழ்வரகு மாவு ஏறத்தாழ 320 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. அரிசி தருவது ஏறத்தாழ 350. பெரிய வேறுபாடு இல்லை! ஓர் அடைக்கு 50 கிராம் மாவு என்றால் 160 கிலோகலோரி. இனி எண்ணெய்க்கு வருவோம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி தரும்; ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கிலோகலோரி. அடையைச் சுற்றி இரண்டு தேக்கரண்டி விட்டால் 80. அடையின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயிலிருந்தே வந்துவிடுகிறது! நான்கு அடைகளுக்கு மொத்தம் 960 கிலோகலோரி.

அப்படியானால் கேழ்வரகினால் பயனே இல்லையா? நிச்சயமாக உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. தவிட்டை நீக்காததால் நார்ச்சத்தும் மிகுதி. பசி மெல்லத்தான் திரும்பும். ஆகவே முழுதானியத்தின் பெருமை ஆற்றல் குறைவு என்பதில் இல்லை. அதே ஆற்றலோடு வேறு சத்துகளையும் சேர்த்துத் தருவதில்தான் இருக்கிறது.

ஆனால் சத்து தட்டில் இருந்தால் மட்டும் போதாது. இரத்தத்தில் சேர வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. உங்கள் வகுப்புத் தோழியரை நினைத்துப் பாருங்கள். கேழ்வரகில் இரும்புச்சத்து உண்டு. அதனுடன் பைட்டிக் அமிலம் என்னும் பொருளும் உண்டு. இது இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது.

இதற்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினாலும், உளுந்துடன் அரைத்து இரவு முழுதும் புளிக்கவிட்டாலும் பைட்டிக் அமிலம் குறைகிறது. வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவுகிறது. அது சூட்டில் சிதைவதால், எலுமிச்சையைத் தட்டில் பிழிந்துகொள்ளுங்கள். அல்லது அடையோடு ஒரு கொய்யாப்பழம் தின்னுங்கள். தேநீர் இரும்பைத் தடுக்கும். அதை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

என் கருத்து இதுதான்: காலை உணவில் கேழ்வரகு அடைக்கு நல்ல இடம் உண்டு, ஆனால் அளவற்ற இடம் கிடையாது. இரண்டு அடை, அடைக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய், தொட்டுக்கொள்ளப் பருப்புச் சாம்பார் அல்லது ஒரு முட்டை, ஒரு பழம். இது நிறைவான காலை உணவு. விளையாட்டு வீரர்கள் இன்னும் ஓர் அடை சேர்த்துக்கொள்ளட்டும்!

அடுத்த ஞாயிறன்று ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கம்போல எண்ணெயைச் சாய்த்து ஊற்றாமல், தேக்கரண்டியால் அளந்து நீங்களே அடை சுடுங்கள். மொத்தம் எத்தனை கரண்டி செலவாயிற்று என்று நோட்டில் குறியுங்கள். அம்மாவுக்கும் அன்று ஓய்வு; உங்களுக்கும் ஒரு பாடம். 'ஆரோக்கிய உணவு' என்று யார் சொன்னாலும், "எவ்வளவு? எதனோடு?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அறிவியல் உங்கள் தட்டுக்கே வந்துவிட்டது என்று பொருள்.