ஜகாத்தின் ஐந்தாம் பிரிவு காலாவதியாகிவிட்டதா?



ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரைத் திருக்குர்ஆனின் அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் ஐந்தாவது 'ரிகாப்', அதாவது அடிமைத்தளையில் சிக்கிய கழுத்துகளை விடுவித்தல். ரமலானில் ஜகாத் கணக்கு எழுதும்போது நம் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். "அடிமை முறைதான் ஒழிந்துவிட்டதே, இப்பிரிவுக்கு இன்று ஆள் ஏது?" என்பது அவர்கள் கூறும் காரணம்.

ஆள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதுமில்லை.

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் நாடறிந்த பொட்டிபுரமும், அதைச் சூழ்ந்த போடி மலையடிவார ஊர்களும் கூலி உழைப்பை நம்பி வாழ்பவை. விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் இங்கு ஏராளம். மழை பொய்த்துக் கடன் பெருகும் வீட்டைத் தேடித்தான் தரகர் வருகிறார். உசிலம்பட்டி, தேனிப் பகுதிச் சிறுவர்கள் முன்பணத்துக்கு ஈடாக வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறி நூற்பாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண் பிள்ளைகளின் கதையும் தமிழகம் அறிந்ததே. உலக அளவில் 33 இலட்சம் குழந்தைகள் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022இல் மதிப்பிட்டது.

"பெற்றோரே சம்மதித்துத்தானே அனுப்பினார்கள்?" என்று கேட்போர் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஐ.நா. ஆட்கடத்தல் தடுப்பு நெறிமுறையை இந்தியா 2011இல் ஏற்றது. அதன்படி, சுரண்டும் நோக்கத்துடன் ஒரு குழந்தையை ஆள்சேர்த்தாலோ கொண்டுசென்றாலோ அதுவே கடத்தல். சம்மதம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நம் மார்க்கம் இதை முன்பே கடுமையாகக் கண்டித்துவிட்டது. சுதந்திரமான மனிதனை விற்று அந்த விலையை உண்பவனுக்கும், முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரீயில் பதிவாகியுள்ளது.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" என்பது அடுத்த கேள்வி. கொத்தடிமை மறுவாழ்வுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 இலட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 இலட்சமும், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 இலட்சமும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் உடனடி உதவியாகக் கிடைப்பது 30,000 ரூபாய் வரைதான். மீதித் தொகை குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை அந்தப் பிள்ளை எதை உண்ணும்? எந்தப் பள்ளிக்குச் செல்லும்? சாட்சி சொல்ல நீதிமன்றம் செல்வதற்குப் பேருந்துக் கட்டணம் யார் தருவார்? மீட்பு ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. மறுவாழ்வுக்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கைதூக்கிவிட ஆளில்லையென்றால், பழைய தரகரே மீண்டும் வாசலில் வந்து நிற்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தரகரின் முன்பணத்தை அடைத்துப் பிள்ளையை மீட்க எவரும் முனைய வேண்டாம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே இல்லாமலாக்கிவிட்டது. அன்று கழுத்தின் விலை எசமானனிடம் போய்ச் சேர்ந்தது. இன்று அதே பணம் பிள்ளையின் கல்வியாகவும், மருத்துவமாகவும், மனநல ஆலோசனையாகவும், வழக்குச் செலவாகவும், தொழிற்பயிற்சியாகவும் அந்தப் பிள்ளையையே சேர வேண்டும்.

மார்க்கச் சட்டத்தில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் இப்பிரிவை விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்ட அடிமைகளுக்கு உரியதாக வரையறுத்தார்கள். மாலிக்கி அறிஞர்கள் அடிமையை வாங்கி விடுதலை செய்வதையும், ஹன்பலி அறிஞர்கள் கைதியை மீட்பதையும் இதில் சேர்த்தார்கள். உங்கள் ஊர் ஆலிம்கள் தயங்கினால், மீண்டு வந்த பிள்ளையின் குடும்பம் முதலிரு பிரிவுகளான ஏழை, வறியவர் என்பதில் அடங்காதா என்று கேளுங்கள். முஸ்லிமல்லாத பிள்ளைக்கு ஜகாத் கூடுமா என்று ஐயம் எழுந்தால் ஸதகாவைக் கொடுங்கள். அதற்கு அந்த வேலி இல்லை. சிறைப்பட்டவருக்கு உணவளிப்போரை அத்தஹ்ர் அத்தியாயம் 8ஆம் வசனம் புகழ்கிறது. அந்தச் சிறைப்பட்டோர் இணைவைப்பவர்களாகவே இருந்தார்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

நம்மால் இயலாததா இது? 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை எழுப்பிய வட்டாரம் இது. ஒவ்வொரு மஹல்லாவும் பைத்துல்மாலில் 'ரிகாப்' என்றொரு தனிக் கணக்கைத் தொடங்கட்டும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவை அணுகி, மீட்கப்பட்ட பிள்ளை ஒன்றின் படிப்பு முடியும்வரை பொறுப்பேற்கட்டும். பெயரையும் படத்தையும் வெளியிட்டு விளம்பரம் தேட வேண்டாம். ஏலக்காய் வணிகம் செய்யும் சகோதரர்கள், தாம் வாங்கும் காய் பிள்ளைகளின் கையால் பறிக்கப்பட்டதா என்று விசாரிக்கட்டும். ஐயத்துக்குரிய ஆள்சேர்ப்பைக் கண்டால் 1098க்கு அழைக்க நம் பெண்களும் இளைஞர்களும் தயங்க வேண்டாம்.

அல்பலத் அத்தியாயம் கடக்க அரிய கணவாய் ஒன்றைப் பேசுகிறது. அதன் முதல் படியாக அது சொல்வது கழுத்தை விடுவிப்பதை. போடிமெட்டுக் கணவாயை அன்றாடம் கண்ணால் காணும் நமக்கு அந்த உவமை புரியாதது அன்று. ஏறுவதற்கான மனவலிமையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.